ஆலங்காயத்துத் தண்ணீர்

எங்கள் வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் பழி விழுவது தண்ணீரின் மேல்தான். எனக்கு முடி கொட்டினால் தண்ணீர், அம்மாவுக்கு முட்டி வலித்தால் தண்ணீர். நான் கணக்கில் கோட்டை விட்டதற்குக்கூட ஒருமுறை மாமா தண்ணீரைத்தான் காரணம் காட்டினார். இதை முழு அநியாயம் என்றும் சொல்லிவிட முடியாது. ஆம்பூரில் நாங்கள் குடியிருந்த பக்கம், தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு இறங்கி இறங்கிக் கிணறுகள் எல்லாம் உப்பாகிப் போயிருந்தன. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, டீ போட்டால் பால் திரிந்துபோகும். ஆகவே எண்பதுகளின் தொடக்கத்தில், நான் நான்காவது படித்துக்கொண்டிருந்தபோது, அப்பா படுத்துக்கொண்டதும் தெருவே கூடித் தண்ணீர்தான் என்று தீர்ப்புச் சொன்னதில் ஆச்சரியம் இல்லை.

அப்பா ஒரு தோல் ஷாப்பில் சாயம் அடிக்கும் பிரிவில் இருந்தார். பதனிட்டு வந்த தோலுக்கு நிறம் ஏற்றுகிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் விரல்களை என் முன்னால் நீட்டி, இன்றைக்கு என்ன நிறம் என்று கேட்பார். நான் பழுப்பு என்றால், இல்லை இது சாக்லேட் என்று நக்கிப் பார்ப்பதுபோல் பாசாங்கு செய்வார். அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள். கத்துவாள் என்பதற்காகவே அவர் அதைத் தினமும் செய்தார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. அப்புறம் விரல்களில் நிறம் எல்லாம் போய், வெளுத்துப்போன நகங்களோடு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. கேட்டால் அசதி என்பார். சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்தால் ஒரு வாய் வைத்துவிட்டு, நாக்கில் ஒன்றும் தெரியவில்லை என்று தள்ளிவிடுவார். விடியும் முன்பே விழித்துக்கொண்டு, விடிந்து வெயில் ஏறும் வரைக்கும் பாயிலேயே உட்கார்ந்திருப்பார். குளிக்கச் சொன்னால் சரி என்பார், ஆனால் எழுந்திருக்க மாட்டார். ஷேவ் செய்யாத முகத்தில் தாடி வளர்ந்து, அவர் யாரோ சாமியார் மாதிரி ஆகிவிட்டார் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. என் வகுப்பில் வேறு யாருடைய அப்பாவும் தாடி வைத்திருக்கவில்லை.

ஷாப்பில் இருந்த கம்பவுண்டர் ஒரு டானிக் கொடுத்தார். எதிர்வீட்டுக்காரர் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்தார். யாரோ ஒருவர் சொன்னதைக் கேட்டு அம்மா கையில் கயிறு கட்டிப் பார்த்தாள். டானிக் தீர்ந்தது, கயிறு நைந்தது, அப்பா அப்படியே இருந்தார். அப்போதுதான் மாமா களத்தில் இறங்கினார்.

மாமா அம்மாவுக்குத் தம்பி. ஆலங்காயத்துக்கும் ஆம்பூருக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வழியில் இருக்கிற அத்தனை ஊர்த் தண்ணீரையும் குடித்தவர் என்பதால் தண்ணீர் விஷயத்தில் அவர் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது. வந்தார், அப்பாவின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், விஷயத்தை முடித்துவிட்டார்.

"மச்சானுக்கு ஒண்ணும் இல்லக்கா. நோவு மொத்தமும் இந்த ஊர் தண்ணியிலதான் இருக்குது. எங்க மலைத் தண்ணி ஒரு மாசம் குடிச்சா எழுந்து ஓடுவாரு பாரு."

மறுநாளிலிருந்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கேன் பயணம் செய்ய ஆரம்பித்தது. ஆலங்காயத்து மலையடிவாரத்தில், காட்டோரக் கிணறு ஒன்றில் பிடித்த தண்ணீர். பள்ளிக்கூடம் விட்டதும் நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நிற்பேன். மாமா கேனை இறக்கி வைத்துவிட்டு, சிந்தாமல் போ என்பார். நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வருவோம். அந்தத் தண்ணீரின் ருசியை நான் இன்றும் சொல்வேன், சர்க்கரை போடாமலே இனித்தது. பருப்பு குழைந்தது, டீ திரியவில்லை. தெருவில் உள்ளவர்கள் ஒவ்வொருவராகச் செம்போடு வர ஆரம்பித்தார்கள். அம்மாவின் முகம் தெளிந்தது, எனக்குக் கன்னத்தில் சதை வைத்தது, எதிர்வீட்டுக்காரருக்கு வயிற்று எரிச்சல் போனது. எல்லாருக்கும் குணமாயிற்று. அப்பா மட்டும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

மாமா அசரவில்லை. பழைய உப்பு உடம்பை விட்டு இறங்க நாள் பிடிக்கும் என்றார்.

செம்போடு வந்தவர்களில் பக்கத்து வீட்டுக் காலாவும் ஒருவர். அவர்கள் வீட்டில் உருதுதான் பேசுவார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தங்கள் சித்தியைக் காலா என்று கூப்பிட்டதால், எங்கள் தெருவில் சிறியவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் காலா ஆகிவிட்டார். தண்ணீர் வாங்க வந்தவர் வாசல்படியில் நின்றபடியே உள்ளே அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செம்பைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைக் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

"காலைல எப்ப முழிக்கறாரு?"

"விடியறதுக்கு முன்னாடியே."

"சாயங்காலத்துல கொஞ்சம் தேவலையா இருக்காரா?"

"கொஞ்சம். நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"சிரிச்சு எத்தினி நாள் ஆவுது?"

அம்மா விரல் மடக்கி எண்ணத் தொடங்கினாள். யோசித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தண்ணி மாத்துனா போற பேஜார் இல்ல தங்கச்சி இது," என்றார் காலா. "எங்க தம்பி இப்படித்தான் சுவத்தப் பாத்துகினு படுத்தான். எங்காளுங்க ஜின்னு புடிச்சிச்சுன்னு ஊர் ஊரா இட்டுகினு அலைஞ்சாங்க. கடசியில வேலூர்ல மனசு ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். இப்ப பேரணாம்பட்டுல கடை வெச்சிருக்கான். ரெண்டு பசங்க."

மனசு ஆஸ்பத்திரி என்ற சொல் அம்மாவைச் சுட்டுவிட்டது. அவருக்குப் புத்தியெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, வெறும் அசதிதான் என்றாள். காலா வற்புறுத்தவில்லை. தண்ணீரை மொண்டுகொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலம் மாமாவிடம் அம்மா இதைச் சொன்னபோது, அவர் வாயிலிருந்த விசிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கோபமாகப் பேசுவதற்கு வாயைக் காலி செய்துகொண்டார். அங்கே போய் வந்தால் ஊர் என்ன பேர் வைக்கும் தெரியுமா, நாளைக்கு இந்தப் பெண்ணுக்கு எவன் வருவான் என்று என்னைக் காட்டிக் கேட்டார். எனக்கு வருகிற எவனையும் பற்றி அப்போது கவலை இல்லை. ஆனால் மாமா எனக்காக வருத்தப்படுகிறாரா, தன் தண்ணீருக்காகவா என்று அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தது நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா டம்ளரில் மலைத் தண்ணீரை ஊற்றி அப்பாவிடம் நீட்டினாள். அப்பா வாங்கவில்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பதுபோல் சொன்னார்:

"எனக்காக இவ்ளோ கஷ்டப்படாத. நான் இல்லாம போனா நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா இருப்பீங்க."

மூலையில் படம் வரைந்துகொண்டிருந்த நான் நிமிர்ந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்பா இவ்வளவு நீளமாகப் பேசியிருக்கிறார், அதுவும் வெளியூர் போவதைப் பற்றி.

"எங்கப்பா போறே? நானும் வர்றேன்," என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரம் என்னை அவர் எப்போதும் பார்த்ததில்லை. அம்மாவின் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து தண்ணீர் அவள் புடவையில் கொட்டியது. அவள் அதைத் துடைக்கவில்லை. என்னை அப்பாவின் பக்கத்தில் உட்காரவைத்து, நான் வரும்வரைக்கும் அப்பாவை விட்டு எழுந்திருக்கக் கூடாது, ஏதாவது பேசிக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டு, நனைந்த புடவையோடு காலா வீட்டுக்கு ஓடினாள். நான் எனக்குத் தெரிந்த எல்லா வாய்ப்பாட்டையும் அப்பாவுக்கு ஒப்பித்தேன். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கியபோது அவர் திருத்தவில்லை என்பதில் எனக்கு நிம்மதி.

மறுநாள் வேலூருக்குக் கிளம்பினோம். தெருவுக்குச் சொன்னது வயிற்றுக்கு டெஸ்ட் எடுக்கப் போகிறோம் என்று. நான் அதை நம்பி, கிளம்பும் முன் பள்ளிக்கூடத்துக்கு ஓடி, அப்பாவின் வயிற்றில் ஒரு கட்டி இருப்பதாகவும் அது எலுமிச்சம்பழம் அளவு இருப்பதாகவும் சொல்லி லீவு வாங்கினேன். காலாவும் கூட வந்தார். பஸ்ஸில் அப்பாவை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, அம்மா அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பொது இடத்தில் அவர்கள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த ஆஸ்பத்திரி நான் நினைத்ததுபோல் இல்லை. பினாயில் வாசனையும் வரிசைக் கட்டிலும் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். அங்கே மரங்களும், மரங்களுக்கு நடுவே சின்னச் சின்ன வீடுகளும் இருந்தன. நோயாளியைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது, வீட்டு ஆள் கூடவே தங்கிச் சமைத்துப் போட வேண்டும் என்பது அங்கே சட்டம். எங்களுக்கும் ஒரு அறையும் ஸ்டவ் வைக்க ஒரு மேடையும் கொடுத்தார்கள். ஊரில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் நானும் தங்கினேன். பள்ளிக்கூடமும் இல்லாமல், வீட்டுப்பாடமும் இல்லாமல் குடும்பத்தோடு வெளியூரில் தங்குவதற்குப் பெயர் எனக்குத் தெரிந்தவரை சுற்றுலா.

டாக்டர் ஒரு பெண். கழுத்தில் குழாய் இல்லை, கையில் ஊசி இல்லை. முதல் நாள் அவர் முன்னால் உட்கார்ந்து அம்மா கேட்ட முதல் கேள்வி, "நாங்க அவருக்கு இன்னா கொற வெச்சோம்?"

"நீங்க ஒரு குறையும் வைக்கல," என்றார் டாக்டரம்மா. "அவரும் சோம்பேறி இல்ல. சர்க்கரை வர்ற மாதிரி, காமாலை வர்ற மாதிரி இது மனசுக்கு வர்ற ஒரு நோய். மனச்சோர்வுன்னு சொல்லுவோம். மருந்து இருக்கு. பேசிப் பேசியும் சரி பண்ணலாம். ஆனா கொஞ்ச நாள் ஆகும். அவசரப்படக் கூடாது."

பிறகு அவர் அப்பாவிடம் திரும்பி, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்டார். ரேஷனில் சர்க்கரை போட்டார்களா என்று கேட்பது மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டார். அப்பா ஆமாம் என்று தலையை ஆட்டினார். அதற்குள் காலா என்னை வெளியே இழுத்துக்கொண்டு போய்ப் பொரி வாங்கிக் கொடுத்தார்.

மாத்திரை கொடுத்தார்கள், அது எனக்குப் புரிந்தது. புரியாதது மற்ற வைத்தியம். வாரத்தில் சில நாள் அப்பா டாக்டரம்மாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பேச்சுதான், வேறு ஒன்றும் கிடையாது. பேசுவதற்கு ஆஸ்பத்திரி எதற்கு, எங்கள் தெருவில் இல்லாத பேச்சா என்று நான் அம்மாவிடம் கேட்டேன். அறையிலிருந்து அப்பா வெளியே வரும்போது மூட்டை தூக்கியவர் மாதிரி வியர்த்திருப்பார். ஒருநாள் உள்ளே அவர் அழும் சத்தம் கேட்டது. டாக்டரம்மா அப்பாவைத் திட்டுகிறார் என்று முடிவு செய்து, கதவை உதைக்க நான் எழுந்தேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அழட்டும் வுடு. வூட்ல அழ முடியாமத்தான இங்க வந்தோம்."

தினமும் ஏதாவது ஒரு சின்ன வேலையை அவரே செய்ய வேண்டும் என்பதும் வைத்தியத்தில் ஒரு பகுதி. என்ன வேலை என்பதை அவரே சொல்ல வேண்டும். அப்பா ரொம்ப நேரம் யோசித்து, என் தலையைப் பின்னிவிடுகிறேன் என்றாராம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து காலையில் சீப்போடு உட்காருவார். ஒரு பின்னல் காதுக்கு மேலே, இன்னொன்று பிடரியில் என்று வரும். பாதியில் கை ஓய்ந்து அப்படியே உட்கார்ந்துவிடும் நாட்களும் உண்டு. அப்போது மிச்சம் தொங்கிக்கொண்டிருக்கும். அம்மா அதை அவிழ்த்துத் திருத்தவே மாட்டாள். நான் அந்தக் கோலத்தோடு மரத்தடியெல்லாம் சுற்றினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். கையில் வெள்ளைக் கேன். ஆலங்காயத்திலிருந்து மூன்று பஸ் மாறி, ஒரு சொட்டுக் குறையாமல் கொண்டுவந்திருந்தார். கோபம் இன்னும் போகவில்லை. அறைக்குள் வராமல் வாசலிலேயே கேனைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் வந்த டாக்டரம்மாவிடம், "தண்ணிய நிறுத்தினதாலதான் மச்சானுக்கு லேட்டாவுது," என்று நேருக்கு நேராகவே குற்றம் சாட்டினார்.

டாக்டரம்மா ஒரு டம்ளர் கேட்டு வாங்கி, ஊற்றிக் குடித்துப் பார்த்தார்.

"நல்ல தண்ணி," என்றார். "இதுலயே அவர் மாத்திரை போடட்டும். ஆனா மாத்திரையை விடக் கூடாது. அதை நீங்கதான் பாத்துக்கணும். முடியுமா?"

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதன் பிறகு அப்பாவுக்கு மாத்திரை விஷயத்தில் அவரைவிடக் கண்டிப்பான ஆள் உலகத்தில் இல்லை. டாக்டரே தன் தண்ணீரை ஒத்துக்கொண்டுவிட்டார் என்று ஆலங்காயம் ரூட்டில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். அந்த வேகத்தில், மச்சான் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பதையும் அவரே பஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். எலுமிச்சம்பழக் கட்டி அத்தோடு கரைந்தது.

குணம் என்பது ஒரே நாளில் வரவில்லை. இரண்டு நாள் நன்றாக இருப்பார், மூன்றாம் நாள் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அம்மா அந்த நாட்களில் பேசாமல் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள். ஒருநாள் மத்தியானம் ரசம் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்த அப்பா முகத்தைச் சுளித்தார்.

"உப்பு ஜாஸ்தி."

அம்மா கரண்டியை வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சமைத்ததைக் குறை சொன்னதற்கு இப்படியா அழுவாள் என்று எனக்கு அவள்மேல் பரிதாபம் வந்தது. எனக்கு உப்பு சரியாத்தான் இருக்குதும்மா என்று சொல்லி, பிடிக்காத ரசத்தை இன்னொரு கை வாங்கிக் குடித்தேன். அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உதட்டோரத்தை லேசாகக் கோணினார். பழைய சிரிப்பின் கால்வாசிகூட இல்லை அது. ஆனாலும் சிரிப்புதான்.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நாள் வந்தது. மாதம் ஒருமுறை வந்து டாக்டரம்மாவிடம் பேசிவிட்டுப் போக வேண்டும், நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் மாத்திரையை அவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது என்ற பேச்சோடு. ஸ்டவ்வைத் துடைத்து, பாத்திரங்களைச் சாக்கில் கட்டி, மூவரும் டாக்டரம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனோம். அவர் அப்பாவிடம் பேசினார், என் பின்னலைப் பார்த்துத் தேறியிருக்கிறது என்றார். பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"நீங்க எப்படி இருக்கீங்க?"

அம்மா, "எனக்கு இன்னா டாக்டர், நான்..." என்று ஆரம்பித்தாள். சொல்லி முடிக்காமலே மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா உட்கார்ந்தாள். அப்பா என் தோளைத் தொட்டு வெளியே கூட்டிவந்து, கதவைத் தானே சாத்தினார்.

வெளியே பெஞ்சில் சாக்குமூட்டையோடு உட்கார்ந்தோம். ஆம்பூர் பக்கம் போகிற நல்ல பஸ் ஒன்று கிளம்பும் நேரம் அது. அதில் முன்சீட்டு பிடிக்க வேண்டும் என்று நான் காலையிலிருந்தே கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

"அம்மா உள்ள இன்னாப்பா பண்ணுது?"

"பேசும்."

"யாரப் பத்தி?"

"என்னப் பத்தித்தான். பேசட்டும்."

"அம்மாவுக்குத்தான் ஒண்ணும் இல்லியே."

அப்பா எழுந்து கேன்டீனுக்குப் போய் ஒரு டீ வாங்கி வந்து, மேலே ஏடு படியாமல் டம்ளரை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கதவு திறக்கவில்லை. டீ ஆறிப்போனது. அதைத் தான் குடித்துவிட்டு, போய் இன்னொன்று வாங்கி வந்து அதையும் அதேபோல் மூடிக்கொண்டார். எங்கள் பஸ் போய்விட்டது. அதற்கு அடுத்ததும் போய்விட்டது. அவர் ஒருமுறைகூடக் கதவைத் தட்டவில்லை.

கடைசியில் அம்மா வந்தாள். முகம் கழுவி, தலையைத் தண்ணீர் தொட்டு ஒதுக்கியிருந்தாள். மூக்கு மட்டும் சிவந்திருந்தது. அப்பா டீயை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, நின்றபடி குடிக்காமல், எங்கள் நடுவில் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து மெதுவாகக் குடித்தாள்.

"உனக்கும் மாத்திரை குடுத்தாங்களா?" என்றேன்.

"இல்ல."

"ஊசி?"

"இல்லடி."

"அப்ப இவ்ளோ நேரம் இன்னாதான் பண்ண?"

"கொஞ்சம் பேசுனேன். அப்புறம் சும்மா உட்காந்துகினு இருந்தேன்."

சும்மா உட்காருவதற்கு இவ்வளவு நேரமா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. உட்காருவதென்றால் வீட்டில் உட்கார்ந்துகொள்ளலாமே, அதற்காக யாராவது இரண்டு பஸ்ஸை விடுவார்களா. ஆம்பூர் வந்து சேரும்வரைக்கும் அவளோடு ஒரு வார்த்தை பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. வழியெல்லாம் அப்பாவின் தோளில் தலை சாய்த்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டே வந்தாள்.